வியாழன் புதனாயிற்று

நான் படித்தது பௌதிகம். ஆங்கிலப் பாடமாக வந்த 'ரோமியோ அண்ட் ஜூலியட்'டைப் பரீட்சைக்காகத்தான் உருப்போட்டேன். எழுபது தாண்டி மறுபடி படித்தபோதுதான், அவசரப்பட்டவர்கள் அந்தச் சிறிசுகள் மட்டுமில்லை என்று தெரிந்தது.

வெரோனா நகரில் இரண்டு குடும்பங்களுக்குள் பகை. ஞாயிறு இரவு விருந்தில் சந்தித்தவர்கள் திங்களன்றே ரகசியமாகக் கல்யாணம் செய்துகொள்கிறார்கள். அன்றே ரோமியோ, அவளுடைய உறவினன் டிபால்ட்டைக் கொன்றுவிட்டு நாடு கடத்தப்படுகிறான்.

ஜூலியட்டுக்குப் பதினாலு வயதுகூட நிரம்பவில்லை. இரண்டு வருஷம் போகட்டும் என்று முதலில் நிதானமாகச் சொன்னவர்தான் அப்பா கப்யூலட். அவரே திடீரென்று பாரிஸ் என்ற வரனுக்கு வியாழக்கிழமை கல்யாணம் என்கிறார். மறுத்த பெண்ணை வீட்டைவிட்டே துரத்துவேன் என்கிறார். அவள் பணிந்ததுபோல் காட்டியதும், சந்தோஷத்தில் புதனுக்கே மாற்றிவிடுகிறார்! அதனால் 42 மணி நேரம் பிணம்போல் கிடக்கச்செய்யும் மருந்தை அவள் ஒரு நாள் முன்னதாகவே குடிக்க நேர்கிறது. விவரம் சொல்லும் கடிதமோ பிளேக் காவலில் சிக்கி, ரோமியோவுக்குப் போய்ச் சேரவேயில்லை. அவள் விழிப்பதற்குச் சற்று முன்புதான் அவன் விஷம் குடிக்கிறான்.

என் பெண் தான் விரும்பியவரைப் பற்றிச் சொன்ன வாரமே, நானும் வேறு ஜாதகங்களை எடுத்துக்கொண்டு கிளம்பியவன். தை வரைக்கும் பொறுங்கள் என்றாள் என் சகதர்மிணி. பொறுத்தேன்.

அந்த மாப்பிள்ளைதான் இன்று என்னைக் காரில் அழைத்து வந்திருக்கிறார். கடைசி வரிசையில் உட்கார்ந்திருக்கிறார்.