நகைப்பெட்டி செய்யுமுன் கீல் வாங்குங்கள்



பொழுதுபோக்காகத் தச்சு வேலை பழகுகிறவர்கள் பலருக்கும், வீட்டுப் பெண்களுக்குத் தம் கையாலேயே ஒரு நகைப்பெட்டி செய்து கொடுக்கும் ஆசை வரும். தேக்கோ பலாவோ தேடி வாங்குவார்கள். அறுத்து, இழைத்து, பாலிஷும் போட்டு முடித்த பிறகுதான் கீல் வாங்க ஹார்டுவேர் கடைக்குப் போவார்கள். அங்கே இருப்பவை பெரும்பாலும் சன்னலுக்கும் அலமாரிக்குமான கீல்கள். பெட்டியின் பலகையோ அரை அங்குலக் கனம்தான். கீலின் தகடு அதற்குள் அடங்காது. திருகு மறுபக்கம் துருத்திக்கொண்டு வரும்.

அதனால் கீல், கொண்டி, கைப்பிடி மூன்றையும் வாங்கி மேசைமேல் வைத்துக்கொண்டு, அவற்றின் அளவுக்கு ஏற்ப மரத்தை அறுங்கள்.

கேரளத்து நெட்டூர்ப் பெட்டியைச் சிலர் பார்த்திருப்பீர்கள். கூரைபோல் சரிந்த மூடி, மூலைகளில் பித்தளைப் பட்டை, உச்சியில் கைப்பிடி. அந்தப் பட்டைகள் வெறும் அலங்காரமல்ல. மூலை இணைப்புகள் விட்டுப்போகாமல் இறுக்கிப் பிடிப்பவை அவைதான்.

நகைப்பெட்டிக்குப் பித்தளையே உகந்தது. செம்பும் துத்தநாகமும் கலந்த உலோகம். கறுக்கும், ஆனால் துருப்பிடிக்காது. இரும்பின் மேல் மஞ்சள் முலாம் பூசியதும் கடையில் அதே மினுமினுப்போடு இருக்கும். முலாம் தேய்ந்ததும் துரு கிளம்பும். துவர்ப்புச் சத்துள்ள மரமானால் கீலைச் சுற்றி மரமே கறுத்துவிடும்.

கடைக்குப் போகும்போது ஒரு சிறு காந்தம் கொண்டுபோங்கள். கீலின் தகட்டில் வைத்துப் பாருங்கள். ஒட்டினால் அது இரும்பு. நடு அச்சில் வைக்காதீர்கள், நல்ல பித்தளைக் கீலிலும் அச்சு மட்டும் இரும்பாக இருப்பதுண்டு. காந்தம் ஒட்டாததெல்லாம் பித்தளை என்றும் சொல்லிவிட முடியாது. துத்தநாக வார்ப்பிலும் ஒட்டாது. கடைக்காரரிடம் கேட்டுக்கொண்டு தகட்டின் பின்பக்கத்தை அரத்தால் லேசாக உரசுங்கள். உள்ளேயும் மஞ்சளாக இருந்தால் பித்தளை. வெள்ளையாகத் தெரிந்தால் முலாம்.

அடுத்து, ஒரு தகட்டைப் பிடித்துக்கொண்டு மற்றதைப் பக்கவாட்டில் அசைத்துப் பாருங்கள். இப்போதே ஆடுகிற கீல், பெட்டியில் மூடியையும் ஆட்டும். திருகின் தலை, தகட்டின் குழிக்குள் முழுதாக இறங்க வேண்டும். மேலே நீட்டிக்கொண்டிருந்தால் மூடி சரியாகப் படியாது.

பொருத்துவதிலும் ஒரு பக்குவம் உண்டு. பித்தளைத் திருகு மென்மையானது. அழுத்தி முடுக்கினால் தலை முறிந்துவிடும். முதலில் சிறு துளை போட்டு, அதே அளவு இரும்புத் திருகை ஏற்றி வழி உண்டாக்குங்கள். அதைக் கழற்றிவிட்டு, பித்தளைத் திருகின் மரையில் மெழுகு தடவி, திருப்புளியால் கையாலேயே முடுக்குங்கள். மூடி பின்னால் சாய்ந்துவிடாதபடி பக்கத்தில் மெல்லிய சங்கிலி ஒன்றும் வேண்டும். இல்லையென்றால் மூடியின் பாரமெல்லாம் கீலில் விழுந்து, நாளடைவில் திருகுகள் பிடுங்கிக்கொண்டு வந்துவிடும்.

பழைய வேலைப்பாடு பிடித்தவர்கள் காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவின் பழம்பொருள் கடைகளில் தேடிப் பார்க்கலாம். பழையதானாலும் காந்தச் சோதனையை விட்டுவிடாதீர்கள்.

மரத்துக்குத் தாராளமாகச் செலவழித்துவிட்டு, கீலில் சிக்கனம் பிடிக்க வேண்டாம். தினமும் திறந்து மூடும் பெட்டியில் முதலில் தேய்வது கீல்தான்.