கப்பல் வராத நாளில்



சென்னையிலிருந்து நம் தீவுக்குக் கப்பல் வர ஏறக்குறைய 3 நாள் ஆகும். வெங்காயமும் உருளைக்கிழங்கும் கடல் தாண்டித்தான் வருகின்றன. கடல் சீறினால் கப்பல் தாமதமாகும். காய்கறி விலை ஏறும். அந்த நாட்களில் நம் வீட்டில் என்ன சமையல்? சோறும் மீனும். மீன் நல்ல உணவுதான், குறை சொல்லவில்லை. ஆனால் தட்டில் பச்சை இலையே இல்லை.

கர்ப்பிணிக்கு இரத்தம் குறைந்தால் தலை சுற்றும், மூச்சு வாங்கும். குழந்தை எடை குறைந்து பிறக்கலாம். பிரசவத்தில் அதிக இரத்தம் போனால் தாயின் உயிருக்கே ஆபத்து.

இதற்காகத்தான் முருங்கையைச் சொல்கிறேன். அதன் இலையில் இரும்புச் சத்து இருக்கிறது. கண்ணுக்கு நல்ல சத்தும் இருக்கிறது. பெரிய தோட்டம் வேண்டாம், ஒரு கொம்பு போதும். இங்கே வருடத்துக்கு 3000 மில்லிமீட்டர் அளவுக்கு மழை கொட்டுகிறது. தண்ணீர் தேங்கினால் முருங்கை வேர் அழுகும். ஆகவே மண்ணை மேடாக்கி நடுங்கள். "வீட்டு முன்னால் முருங்கை ஆகாது" என்பார்கள் நம் பாட்டிமார். கிளை சட்டென்று ஒடியும், கம்பளிப் பூச்சியும் வரும். சரி, பின்பக்கம் வையுங்கள்!

மரம் வைக்க இடமில்லையா? பழைய டின்னில் ஓட்டை போட்டு பர்மா தனியா வளருங்கள். அது நிழலிலும் வரும். கராச்சர்மாவில் 1978 முதல் இயங்கும் மத்திய தீவு வேளாண் ஆராய்ச்சி நிலையம் இப்படித் தீவுக்கு ஏற்ற கீரைகளை ஆராய்கிறது.

கீரையோடு கொஞ்சம் எலுமிச்சை பிழிந்து சாப்பிடுங்கள். இரும்புச் சத்து உடம்பில் நன்றாகச் சேரும். சாப்பிட்ட கையோடு டீ குடித்தால் அது குறைவாகத்தான் சேரும். ஒரு மணி நேரம் பொறுங்கள். நம் ஆட்களுக்கு இதுதான் கஷ்டம்! இன்னொன்று, கீரை சாப்பிடுகிறோம் என்று கர்ப்பிணிகள் இரும்பு மாத்திரையை நிறுத்தக் கூடாது.

செடி வைத்தால் இரண்டு தொல்லைகள் உண்டு. தொட்டியின் அடித்தட்டில் நிற்கும் தண்ணீரில் டெங்கு கொசு முட்டையிடும். அதை வாரம் ஒரு முறையாவது கவிழ்த்துத் தட்டைத் தேய்த்துக் கழுவுங்கள். அடுத்தது ஆப்பிரிக்க நத்தை. 1942 முதல் 1945 வரை ஜப்பான்காரர்கள் இங்கே இருந்தபோது கொண்டுவந்தது என்பார்கள். அதன் உடம்பில் மூளையைப் பாதிக்கும் புழு இருக்கலாம். வெறும் கையால் தொடாதீர்கள். பிள்ளைகளை விளையாட விடாதீர்கள். கையில் பிளாஸ்டிக் பையை மாட்டி நத்தையை எடுத்து, உப்புத் தண்ணீரில் போடுங்கள். கீரையை நன்றாக அலசி வேக வையுங்கள்.

திண்ணையோரம் முருங்கைக் கொம்புகள் வெட்டி வைத்திருக்கிறோம். போகும்போது வீட்டுக்கு ஒன்று எடுத்துக்கொள்ளுங்கள்.