எனக்குப் பிடித்த மூன்று ஆபீஸ்காரர்கள்

(நம் குடியிருப்போர் சங்கத்தின் வாசகர் சந்திப்பில் பேசியதன் எழுத்து வடிவம்)



"உங்களுக்குப் பிடித்த உலக இலக்கியம் பற்றிப் பத்து நிமிடம் பேசுங்கள் சார்" என்று செயலாளர் கேட்டபோது கொஞ்சம் தயங்கினேன். நான் பி.காம். படித்தவன். 34 வருடம் வங்கியில் குமாஸ்தா. நாவலைவிட லெட்ஜரைத்தான் அதிகம் புரட்டியிருக்கிறேன். ஆனால் யோசித்துப் பார்த்தால், எனக்குப் பிடித்த கதைகளின் நாயகர்களும் காலையில் ஆபீஸுக்குப் போய் மாலையில் வீடு திரும்பியவர்கள்தான். அந்தத் தைரியத்தில் வந்துவிட்டேன்.

முதலாமவர் டால்ஸ்டாயின் இவான் இலியிச். 1886இல் வெளியான 'இவான் இலியிச்சின் மரணம்' சின்ன புத்தகம். ஒரு மாலையில் படித்துவிடலாம். அவர் ஒரு நீதிபதி. நல்ல சம்பளம், நல்ல வீடு. புது வீட்டில் திரைச்சீலை மாட்டும்போது ஏணியிலிருந்து சறுக்கி விலாவில் அடிபடுகிறது. அங்கே தொடங்கிய வலி முற்றி, 45 வயதில் இறந்துபோகிறார். சிறுநீரகமா குடல்வாலா என்று டாக்டர்கள் விவாதிக்கிறார்கள். வீட்டில் எல்லோரும் வெறும் உடம்பு சரியில்லாதது போலவே நடந்துகொள்கிறார்கள். வலியைவிட அந்தப் பொய்தான் அவரை வதைக்கிறது. கெராசிம் என்ற வேலைக்கார இளைஞன் மட்டும் பொய் சொல்வதில்லை. அவருடைய கால்களைத் தன் தோள்மேல் தூக்கி வைத்துக்கொண்டு இரவில் உட்கார்ந்திருக்கிறான்.

கதை தொடங்குவது சாவுச் செய்தியில். அதைக் கேட்டதும் சக அதிகாரிகளுக்கு முதலில் தோன்றுவது, காலியான இடம் யாருக்கு என்ற கணக்குதான்.

இதைப் படித்த அன்று எனக்குத் தூக்கம் வரவில்லை. 2009இல், பக்கத்து கவுண்டரில் பல வருடம் உட்கார்ந்திருந்த என் நண்பர் கல்லீரல் கெட்டுப் படுத்திருந்தார். பார்க்கப் போனோம். "ஒண்ணும் இல்லப்பா, அடுத்த மாசம் சீட்டுக்கு வந்துடுவே" என்றேன். பொய் என்று எனக்கும் தெரியும், அவருக்கும் தெரியும். அவர் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார். மாடிப்படி இறங்கும்போது ஹெட் கேஷியர் அலவன்ஸ் இனி யாருக்கு என்ற பேச்சு வந்தது. அந்தப் பேச்சை எடுத்தவன் நான்தான். இதை இதுவரை யாரிடமும் சொன்னதில்லை.

மனிதன் தன் சாவை எப்படி எதிர்கொள்கிறான் என்பது இருத்தலியல்காரர்களின் முக்கியமான கேள்வி. ஹைடெக்கர் 1927இல் எழுதிய தத்துவ நூலில் இந்தக் கதையை ஓர் அடிக்குறிப்பில் சுட்டுகிறார். தத்துவம் எனக்குக் கடினம். கெராசிம் செய்தது புரிகிறது.

இரண்டாமவர் ஆல்பெர் காம்யுவின் மெர்சோ. 1942இல் பிரெஞ்சில் வெளியான நாவல். வெ. ஸ்ரீராம் நேரடியாகப் பிரெஞ்சிலிருந்து மொழிபெயர்க்க, 'அந்நியன்' என்ற பெயரில் க்ரியா வெளியிட்டது. அல்ஜியர்ஸில் ஒரு ஆபீஸில் வேலை பார்க்கும் மெர்சோ, அம்மாவின் அடக்கத்தில் அழவில்லை. மறுநாள் கடலில் நீந்துகிறான், சிரிப்புப் படம் பார்க்கிறான். பிறகு கடற்கரையில் ஒரு அரபியைச் சுட்டுக் கொன்றுவிடுகிறான். நீதிமன்றத்திலோ கொலையைவிட அவன் அழாததுதான் பெரிதாகப் பேசப்படுகிறது.

1986 டிசம்பர் கடைசியில் என் அப்பா காலமானார். அப்போதெல்லாம் வங்கியில் வருடாந்திரக் கணக்கு முடிப்பு டிசம்பர் 31தான். எனக்கும் கண்ணீர் வரவில்லை. காரியங்களை முடித்துவிட்டு வேலைக்குப் போய்விட்டேன். "கல்நெஞ்சக்காரன்" என்று சித்தப்பா சொன்னது என் காதுக்கும் வந்தது. சில வருடம் கழித்து 'அந்நியன்' படித்தபோதுதான், அழாதவன் எல்லாம் அன்பில்லாதவன் அல்ல என்று ஒருவர் எழுதியிருக்கிறாரே என்று ஆறுதலாக இருந்தது.

ஆனால் எனக்கு ஒரு குறையும் உண்டு. செத்துப்போன அந்த அரபிக்குக் கதையில் பெயரே கிடையாது. அல்ஜீரிய எழுத்தாளர் கமெல் தாவூத் 2013இல் எழுதிய நாவலில் அவனுக்கு மூஸா என்று பெயர் வைத்து, ஒரு தம்பியையும் கொடுத்து, அவன் வாயால் கதையைச் சொல்லவைத்தார். நியாயமான எதிர்க்கட்சி. இரண்டையும் சேர்த்துப் படியுங்கள்.

மூன்றாமவர்தான் என் செல்லம். காம்யு 1947இல் எழுதிய 'கொள்ளைநோய்' நாவலில் வரும் ழோசேப் கிராண். ஓரான் நகராட்சியில் சாதாரண குமாஸ்தா. பதவி உயர்வு தருவதாகச் சொன்னார்கள், வரவேயில்லை. ராத்திரியில் நாவல் எழுதுகிறார். முதல் வாக்கியத்தையே திரும்பத் திரும்பத் திருத்துகிறார். ஊரில் பிளேக் வந்து கதவுகள் மூடப்பட்டதும், ஆபீஸ் முடிந்த பிறகு உட்கார்ந்து, தொண்டர் குழுவுக்கான பதிவேடுகளையும் புள்ளிவிவரங்களையும் எழுதுகிறார். இந்தக் கதைக்கு ஒரு வீரர் வேண்டுமென்றால் இந்த மனிதரை வைத்துக்கொள்ளலாம் என்கிறார் கதைசொல்லி.

2020 ஊரடங்கில் நம் சங்கத்துக்கு நான் ஒரு நோட்டு எழுதினேன். யார் வீட்டில் காய்ச்சல், யாருக்குச் சர்க்கரை மாத்திரை, எந்த வீட்டில் வயதானவர் தனியாக இருக்கிறார் என்று தினமும். இளைஞர்கள் ஓடி ஓடி உதவினார்கள். நான் வெறுமனே எழுதிக்கொண்டிருக்கிறேனே என்று வெட்கமாக இருந்தது. கிராணைப் படித்த பிறகு அந்த வெட்கம் போய்விட்டது.

தன்னை இருத்தலியல்காரர் என்று அழைப்பதைக் காம்யு ஒப்புக்கொண்டதில்லை. லேபிள் எதுவானாலும், வாழ்க்கைக்கு அர்த்தம் யாராவது பாஸ்புக்கில் போட்டுக் கொடுப்பார்களா என்று காத்திருக்காமல், கையில் இருக்கும் வேலையைச் சரியாகச் செய் என்பதே எனக்குக் கிடைத்த பாடம். இப்போது நோயாளியைப் பார்க்கப் போனால் "ஒண்ணும் இல்ல" என்று சொல்வதில்லை. "கால் பிடிச்சு விடட்டுமா?" என்று கேட்கிறேன். முதல் தடவை கேட்கக் கூச்சமாகத்தான் இருந்தது.

புத்தகங்கள் என்னிடம் இருக்கின்றன. யார் வேண்டுமானாலும் வாங்கிப் போகலாம். பென்சிலால் கோடு போட்டிருப்பேன், பொறுத்துக்கொள்ளுங்கள். திருப்பிக் கொடுக்கும் தேதியை மட்டும் நோட்டில் எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். அந்தப் பழக்கம் போகவில்லை.