உத்தரவு எங்கே பிறக்கிறது



2025 நவம்பர் 14. மதியம் இரண்டரை மணி சுமாருக்கு, பயிற்சிக்காகப் பறந்துகொண்டிருந்த விமானப்படையின் பிலாட்டஸ் விமானம் ஒன்று திருப்போரூர் பக்கம் விழுந்து நொறுங்கியது. விமானி இருக்கையோடு வெளியே பாய்ந்து, பாராசூட்டில் இறங்கிப் பிழைத்துக்கொண்டார். விமானப்படை விசாரணைக்கு உத்தரவிட்டது. நாம் இரண்டு நாள் அதைப் பற்றிப் பேசினோம், பிறகு அவரவர் வேலையைப் பார்க்கப் போய்விட்டோம்.

விமானப் பராமரிப்புத் தொழிலில் இருப்பவர்களுக்கு உண்மையான வேலை அதற்குப் பிறகுதான் தொடங்கும். தரையில் விழுந்த விமானத்தில் ஒரு வசதி உண்டு. சொல்வதற்குக் கொஞ்சம் கடுமையாகத்தான் இருக்கிறது. ஆனாலும் துண்டுகள் கையில் கிடைக்கின்றன. எந்த போல்ட் முதலில் உடைந்தது, எது விழுந்த அதிர்ச்சியில் உடைந்தது என்று உலோகத்தின் முறிந்த முகத்தை நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்தால் தெரிந்துவிடும். நாள்பட்ட விரிசல் என்றால் முறிவில் வரிவரியாக ரேகை இருக்கும். ஒரே அடியில் உடைந்தது என்றால் அந்த ரேகை இருக்காது.

அப்படிக் கண்டுபிடித்த காரணம் கடைசியில் ஒரு காகிதமாக மாறுகிறது. பயணிகள் விமான உலகில் அதற்கு ஏர்வொர்த்தினஸ் டைரக்டிவ் என்று பெயர். ஹேங்கரில் யாரும் அத்தனை நீளமாகச் சொல்வதில்லை, ‘ஏ.டி.’ என்பார்கள். எந்த ரக விமானம், எந்த வரிசை எண்கள், எந்த உறுப்பு, எத்தனை மணி நேரப் பறப்புக்குள் அல்லது எத்தனை முறை தரையிறங்குவதற்குள் பார்க்க வேண்டும், பழுதிருந்தால் என்ன செய்ய வேண்டும் என்று அதில் இருக்கும். விமானத்தை வடிவமைத்த நாட்டின் ஒழுங்குமுறை அமைப்பு அதை வெளியிடும். நம் நாட்டில் பதிவான விமானங்களில் அது நிறைவேறுகிறதா என்று பார்ப்பது டெல்லியில் உள்ள டி.ஜி.சி.ஏ. கெடு தாண்டிவிட்டால் லைசென்ஸ் வைத்திருக்கும் பராமரிப்புப் பொறியாளர் கையெழுத்துப் போட முடியாது. கையெழுத்து இல்லாமல் விமானம் கிளம்பாது. மீனம்பாக்கத்தில் நாம் பெட்டியோடு உட்கார்ந்து ‘தொழில்நுட்பக் காரணம்’ என்ற அறிவிப்பைக் கேட்டுப் பல்லைக் கடிக்கிறோமே, அந்தக் காரணங்களில் சில இந்தக் காகிதத்திலிருந்து வருபவை.

இந்த ஏற்பாடு வேகமாக வேலை செய்ததையும் அண்மையில் பார்த்தோம். 2025 அக்டோபர் 30 அன்று அமெரிக்காவின் ஜெட்புளூ நிறுவனத்தின் ஏர்பஸ் ஏ320 ஒன்று, விமானி எதுவும் செய்யாமலேயே திடீரென்று மூக்கைக் கீழே சாய்த்தது. கடும் சூரியக் கதிர்வீச்சு கட்டுப்பாட்டுக் கணினியின் தரவைக் கெடுத்துவிடக்கூடும் என்று ஏர்பஸ் சொன்னது. நவம்பர் 28 இரவு ஐரோப்பிய ஒழுங்குமுறை அமைப்பு அவசர உத்தரவு போட்டது. இந்தியாவில் மட்டும் 338 விமானங்கள் அதில் அடங்கின. பெரும்பாலானவற்றில் பழைய மென்பொருளைத் திரும்ப ஏற்றினால் போதும் என்பதால், அந்த வார இறுதியிலேயே நம் நிறுவனங்கள் வேலையை முடித்துவிட்டன.

ஜெட்புளூ விஷயத்தில் விமானம் பத்திரமாகத் தரையிறங்கியது, தரவு கையில் இருந்தது, காரணத்தைத் தேடிப் போக வசதியாக இருந்தது. விமானம் கடலில் போய்விட்டால்?

நம் கிழக்குக் கடலில் இரண்டு சம்பவங்கள், ஓராண்டு இடைவெளியில். 2015 ஜூன் 8 அன்று கடலோரக் காவல்படையின் டோர்னியர் விமானம் ஒன்று மூன்று பேருடன் சென்னையிலிருந்து ரோந்து போய், இரவு காணாமல் போனது. கப்பல்கள் தேடின, விமானங்கள் தேடின. அந்த டோர்னியரில், தண்ணீர் பட்டதும் தானாக இயங்கத் தொடங்கும் சின்ன ஒலிக்கருவி ஒன்று இருந்தது. உள்ளங்கையில் அடங்கும் குழாய். மனிதக் காதுக்கு எட்டாத அலைவரிசையில் நொடிக்கு ஒரு தரம் ஒலி எழுப்பும். அந்தக் காலத்துக் கருவிகளுக்கு பேட்டரி ஆயுள் முப்பது நாள். ஜூலை 6 அன்று, அதாவது அந்த முப்பது நாள் தீர இரண்டு நாள் இருக்கும்போது, கடற்படையின் சிந்துத்வஜ் நீர்மூழ்கி அந்த ஒலியைப் பிடித்தது. அடுத்த சில நாட்களில், பிச்சாவரத்துக்கு அப்பால் சுமார் 950 மீட்டர் ஆழத்தில் சிதைவுகள் கிடைத்தன. பதிவுப் பெட்டியும் மேலே வந்தது.

அடுத்த ஆண்டு, 2016 ஜூலை 22 காலை. தாம்பரத்திலிருந்து போர்ட் பிளேர் போகக் கிளம்பியது விமானப்படையின் ஏஎன்-32. உள்ளே 29 பேர். அவர்களில் எட்டு பேர் விசாகப்பட்டினம் கடற்படை ஆயுதக் கிடங்கின் சிவிலியன் ஊழியர்கள். சென்னைக்குக் கிழக்கே சுமார் 150 கடல் மைல் தொலைவில், இடப்பக்கம் திரும்பி வேகமாக உயரம் இழந்ததை ரேடார் கடைசியாகக் காட்டியது. அதன் பிறகு ஒன்றுமில்லை. ஓவர்ஹால் முடிந்து வந்த விமானம் என்றுதான் அரசு சொன்னது. நீருக்கடியில் ஒலி எழுப்பும் அந்தக் குழாய் இதில் பொருத்தப்படவில்லை. செப்டம்பரில் 29 பேரும் இறந்துவிட்டதாகக் கருதப்படுவதாக அறிவித்தார்கள்.

பிறகு ஏழரை ஆண்டு. 2024 ஜனவரியில், பள்ளிக்கரணையில் இருக்கும் தேசிய கடல் தொழில்நுட்பக் கழகம் ஆளில்லா நீர்மூழ்கிக் கருவி ஒன்றை இறக்கி எடுத்த படங்களில், 3,400 மீட்டர் ஆழத்தில் ஏஎன்-32இன் சிதைவுகள் தெரிந்தன. அந்தப் பகுதியில் வேறு விமானம் விழுந்ததாகப் பதிவே இல்லை, எனவே இது அதுவாகத்தான் இருக்க வேண்டும் என்று பாதுகாப்பு அமைச்சகம் சொன்னது. படம் கிடைத்தது. அந்தப் படத்தை வைத்து எந்த உறுப்பை மாற்றச் சொல்லி உத்தரவு எழுதுவது? உறுப்பு பழுதா, வானிலையா, மனிதத் தவறா என்பதே அதில் தெரியாது. மலிவான ஒரு குழாய் இருந்திருந்தால் 29 பேரும் பிழைத்திருப்பார்கள் என்று நான் சொல்லவில்லை. அதே ரகத்தில் இன்றும் பறக்கிறவர்களுக்கு ஒரு பதில் கிடைத்திருக்கலாம் என்கிறேன்.

துண்டு கிடைக்காமலேயே உத்தரவு பிறந்த கதையும் உண்டு என்பதை மறைக்கக் கூடாது. 2009 ஜூன் 1 அன்று ஏர் ஃபிரான்ஸ் 447 அட்லாண்டிக்கில் விழுந்தது. சிதைவின் பெரும்பகுதி கிடைக்க ஏறக்குறைய இரண்டு ஆண்டு ஆயிற்று. ஆனால் விழுவதற்கு முந்தைய நிமிடங்களில் அந்த விமானம் தன் கோளாறுகளைத் தானாகவே பாரிஸுக்கு அனுப்பிக்கொண்டிருந்தது. வேகம் அளக்கும் குழாய்கள் காட்டிய அளவுகள் ஒன்றோடொன்று ஒத்துப்போகவில்லை என்று அந்தச் செய்திகளில் தெரிந்தது. அந்தத் தடயத்தை வைத்து, மூன்றே மாதத்தில் அந்த ரகக் குழாய்களை மாற்றச் சொல்லி ஐரோப்பாவில் உத்தரவு வந்துவிட்டது. நீருக்கடி ஒலிக்கருவியின் ஆயுளை முப்பது நாளிலிருந்து தொண்ணூறு நாளாக்கும் முடிவும் அந்த விபத்திலிருந்து வந்ததுதான்.

சரி, நம் கரைக்கு வருவோம். கோவளம், மாமல்லபுரம் பக்கம் இருப்பவர்களுக்குக் கடலோரமாகத் தாழப் பறக்கும் ஹெலிகாப்டர் புதிதல்ல. 2022 ஜூனில் மீனம்பாக்கத்தில் கடலோரக் காவல்படையின் 840-ஆம் அணி தொடங்கப்பட்டது. நம் நாட்டிலேயே எச்.ஏ.எல். தயாரித்த துருவ் ஹெலிகாப்டர்கள்தான் அதில் இருப்பவை. 2025 ஜனவரி 5 அன்று குஜராத்தின் போர்பந்தரில் அதே படையின் துருவ் ஒன்று தரையிறங்கும் நேரத்தில் விழுந்து மூன்று பேர் இறந்தார்கள். முப்படையிலும் காவல்படையிலும் இருந்த அத்தனை துருவ்களும், முந்நூற்றுக்கும் மேல், தரையில் நிறுத்தப்பட்டன. தரைப்படையும் விமானப்படையும் அவற்றை மறுபடி பறக்கவிடக் கிட்டத்தட்ட நான்கு மாதம் ஆயிற்று.

உடைந்தது ஸ்வாஷ்பிளேட் என்ற உறுப்பு. ஹெலிகாப்டர் தலைக்கு மேல் சுழலும் இறக்கைகளுக்குக் கீழே, நடுத்தண்டைச் சுற்றி இரண்டு வட்டத்தட்டுகள் ஒன்றன்மேல் ஒன்றாக இருக்கும். கீழ்த்தட்டு சுழலாது. விமானி கைப்பிடியை அசைத்தால் தண்டுகள் வழியாக அது ஏறும், இறங்கும், சாயும். மேல்தட்டு இறக்கைகளோடு சேர்ந்து சுழலும், கீழ்த்தட்டு எப்படிச் சாய்கிறதோ அப்படியே சாய்ந்து ஒவ்வொரு இறக்கையின் கோணத்தையும் மாற்றும். இரண்டுக்கும் நடுவில் ஒரு பேரிங். விமானத்தில் ஒரு என்ஜின் நின்றால் இன்னொன்று இருக்கிறது, ஒரு கணினி போனால் அடுத்தது இருக்கிறது. இந்தத் தட்டுக்கு மாற்று கிடையாது. அது உடைந்தால் விமானி எவ்வளவு கெட்டிக்காரராக இருந்தாலும் அவர் கைக்கும் இறக்கைக்கும் தொடர்பு அறுந்துபோகிறது.

அதனால்தான் இப்படிப்பட்ட உறுப்புகளில் மயிரிழை விரிசலைத் தேடுகிறார்கள். வேலை பார்க்க எளிமையானது. உறுப்பைத் துடைத்துச் சிவப்புச் சாயத்தைத் தடவுவார்கள். விரிசல் இருந்தால் சாயம் உள்ளே இறங்கிவிடும். மேலே உள்ளதைத் துடைத்துவிட்டு வெள்ளைப் பூச்சு ஒன்றைத் தெளித்தால், கண்ணுக்கே தெரியாமல் இருந்த விரிசல் வெள்ளையில் சிவப்புக் கோடாக எழும்பி வரும். கை எட்டாத இடத்துக்குக் கம்பி நுனியில் பதித்த சின்னக் கண்ணாடியும் டார்ச்சும். எல்லாம் முடிந்ததும் பதிவேட்டில் பெயர், லைசென்ஸ் எண், தேதி, கையெழுத்து.

கடலோரத்துக்கு இன்னொரு தலைவலி உப்பு. ஈ.சி.ஆர். பக்கம் வீடு கட்டியவர்களைக் கேளுங்கள், ஜன்னல் கம்பிக்கு எத்தனை தரம் பெயின்ட் அடித்தார்கள் என்று சொல்வார்கள். மாமல்லபுரம் கடற்கரைக் கோயிலில் கல்லுக்குள் ஏறிய உப்பை எடுக்கத் தொல்லியல் துறை காகிதக் கூழ் பூசி உறிஞ்சுகிறது. கல்லுக்கே அந்தக் கதி என்றால் அலுமினியத் தகட்டைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. கடல்மேல் தாழப் பறந்து திரும்பும் ஹெலிகாப்டரை நல்ல தண்ணீர் விட்டுக் கழுவுவதும், என்ஜினுக்குள்ளேயே தண்ணீர் செலுத்தி அலசுவதும் அதற்காகத்தான்.

உப்பும் உத்தரவும் சேர்ந்த பாடம் ஹவாய்த் தீவுகளில் கிடைத்தது. 1988 ஏப்ரல் 28. அலோஹா நிறுவனத்தின் போயிங் 737 ஒன்று 24,000 அடியில் பறக்கும்போது, முன்பக்கக் கூரை பதினெட்டு அடி நீளத்துக்குப் பிய்த்துக்கொண்டு போனது. ஒரு பணிப்பெண் காற்றில் இழுக்கப்பட்டு இறந்தார். மற்ற 94 பேரோடு விமானம் இறங்கியது. தீவுக்குத் தீவு குட்டிப் பயணமாக, கடற்காற்றிலேயே, அதுவரை கிட்டத்தட்ட 90,000 தடவை ஏறி இறங்கிய விமானம் அது. தகடுகள் ஒன்றன்மேல் ஒன்று சேரும் மூட்டுகளில் விரிசல் ஓடியிருந்தது.

அந்த மூட்டுகளைப் பற்றி முன்பே தெரியும் என்பதுதான் வேதனை. எல்லா மூட்டுகளையும் சோதிக்கும்படி போயிங் 1987-இல் சுற்றறிக்கை அனுப்பியிருந்தது. அமெரிக்க அரசு அமைப்பு அதில் குறிப்பிட்ட வரிசை மூட்டுகளை மட்டும் எடுத்துக் கட்டாயமாக்கியது. மற்றவை பார்த்தால் நல்லது என்ற அளவில் நின்றன. விபத்து அறிக்கை அதைப் பெயர் சொல்லிக் குறை கூறியது. ஏறும்போது விமானத்தின் உடம்பில் ஒரு விரிசலைப் பார்த்த பயணி ஒருவரும் இருந்தார். யாரிடமும் சொல்லவில்லை. நாம் மட்டும் சொல்லியிருப்போமா என்ன?

‘பார்த்தால் நல்லது’ என்ற அந்த அறிவுரை முப்பத்தேழு ஆண்டு கழித்து நம் நாட்டில் மறுபடி காதில் விழுந்தது. 2025 ஜூன் 12 அன்று அகமதாபாத்தில் ஏர் இந்தியாவின் போயிங் 787 விழுந்தது. ஜூலையில் வந்த முதல்கட்ட அறிக்கையில், எரிபொருள் சுவிட்சுகளின் பூட்டுப் பகுதியைச் சோதிக்கும்படி 2018 டிசம்பரில் அமெரிக்க அமைப்பு வெளியிட்ட ஒரு குறிப்பு எடுத்துக் காட்டப்பட்டிருந்தது. அது அறிவுரை, கட்டாயமில்லை. அதனால் அந்தச் சோதனை செய்யப்படவில்லை. அந்தப் பூட்டுதான் விபத்துக்குக் காரணம் என்று அறிக்கை சொல்லவில்லை, நாமும் சொல்ல வேண்டாம். ஆனால் அறிக்கை வந்த சில நாட்களுக்குள், ஜூலை 14 அன்று, டி.ஜி.சி.ஏ. ஒரு வாரக் கெடு வைத்து அந்தச் சோதனையைக் கட்டாயமாக்கியது. கெடுவுக்குள் முடிந்தது, தன் விமானங்களில் கோளாறு எதுவும் இல்லை என்று ஏர் இந்தியா அறிவித்தது. ஒரு வாரத்தில் முடிகிற வேலை ஆறரை ஆண்டு ‘நல்லது’ என்ற பட்டியலில் கிடந்திருக்கிறது.

பயணிகள் விமானத்தில் இதையெல்லாம் நாம் பேச முடிவதற்கே காரணம், உத்தரவுகளும் அறிக்கைகளும் வெளியே கிடைப்பதுதான். ஏ.டி.யை யார் வேண்டுமானாலும் இணையத்தில் எடுத்துப் படிக்கலாம். விமானப்படை, கடலோரக் காவல்படை விபத்துகளில் விசாரணை நடக்கிறது, திருத்தமும் நடக்கிறது. ஆனால் விசாரணை அறிக்கை மக்கள் முன் வருவதில்லை. போர்த் தந்திரம் வெளியே போகக் கூடாது என்பது நியாயம். பேரிங் உடைந்ததிலும் தகடு துருப்பிடித்ததிலும் என்ன தந்திரம் இருக்கிறது என்பதுதான் புரியவில்லை.

முடியாத காரியமும் இல்லை. 2024 டிசம்பரில் நாடாளுமன்ற நிலைக்குழு ஒன்று, 2017 முதல் 2022 வரை விமானப்படையில் நடந்த 34 விபத்துகளைக் காரணத்தோடு பட்டியலிட்டது. ஜெனரல் பிபின் ராவத் இறந்த 2021 குன்னூர் ஹெலிகாப்டர் விபத்துக்கு நேராக, விமானக் குழுவின் மனிதத் தவறு என்று எழுதியிருந்தது. தாம்பரம், மீனம்பாக்கம் பறப்புப் பாதைக்குக் கீழே குடியிருக்கிறவர்கள் சார்பில் நான் கேட்பது அந்தப் பட்டியலில் இன்னும் ஒரே ஒரு கட்டம்தான்: விபத்துக்குப் பிறகு எந்த உறுப்பைச் சோதிக்கச் சொன்னார்கள், எந்தத் தேதிக்குள் எத்தனை விமானங்களில் அது முடிந்தது. திருப்போரூர் விபத்திலிருந்தே தொடங்கலாம்.