பிடித்த கவுனை மறுபடியும் தைப்பது

(தோட்டத் தாய்மார் கூட்டத்தில் நலன்புரி உத்தியோகத்தர்கள் சார்பில் ஆற்றிய உரை)



ஞாயிற்றுக்கிழமை ஒரு நாள்தான் உங்களுக்கு லீவு. விறகும் அழுக்குத் துணியும் காத்துக் கிடக்கும்போது எங்கள் பேச்சைக் கேட்க வந்திருக்கிறீர்கள். அதிக நேரம் எடுக்க மாட்டோம். இன்றைக்குப் பேசப்போவது கவுன் தைப்பதைப் பற்றி. புது மொடல் எதுவும் இல்லை. உங்கள் பிள்ளைக்கு அளவாக அமைந்து, போட்டுப் போட்டு நைந்துபோன பழைய கவுன் ஒன்று எல்லா வீட்டிலும் இருக்கும். அதையே மறுபடியும் எப்படித் தைப்பது என்பதுதான் விஷயம்.

இதைப் பேச வேண்டி வந்த காரணத்தை முதலில் சொல்லிவிடுகிறோம். பிழை எங்களுடையது. பாடசாலைப் பிள்ளைகளுக்கு அரசாங்கம் 1993ஆம் ஆண்டு தொடங்கி இலவசமாகச் சீருடைத் துணி கொடுத்து வருவது உங்களுக்குத் தெரியும். இடையில் சில வருடம் துணிக்குப் பதிலாக வவுச்சர் வந்தது, பிறகு மறுபடியும் துணி. எப்படி வந்தாலும் தையல் கூலி நம்முடைய கையில் இருந்துதான் போக வேண்டும். 2022இல் விலைவாசி ஏறிய பிறகு ஒரு வெள்ளைக் கவுன் தைக்கிற கூலி எவ்வளவு என்று உங்களுக்கு நாங்கள் சொல்லித்தர வேண்டியதில்லை. அதனால் ஒரு வருடம் எங்கள் தையல் வகுப்பிலேயே பதினொரு பெண்பிள்ளைகளுக்கும் தைத்துத் தருகிறோம் என்று சொல்லித் துணியை வாங்கிக்கொண்டோம். முந்தின வருடத்துக் கவுன்கள் நன்றாக அமைந்திருந்தன. பிள்ளைகள் வளர்ந்திருப்பார்கள்தானே என்று அந்தப் பழைய வெட்டுக் காகிதத்தைச் சுற்றி எல்லாப் பக்கமும் ஓர் அங்குலம் கூட்டி வெட்டினோம்.

கழுத்து தோளை விட்டு வழிந்தது. கைத் துவாரம் இடுப்பு வரைக்கும் இறங்கியது. ஒரு தாய் வந்து, "மிஸ், புள்ளையப் பாத்தா தாத்தாவோட கோட்ட எடுத்துப் போட்டுக்கிட்ட மாதிரி இருக்கு" என்றார். சிரித்துக்கொண்டுதான் சொன்னார். ஆனால் அவருடைய மகள் பள்ளிக்கூடம் தொடங்கிய முதல் நாள் போகவில்லை. வெட்டின துணியை ஒட்ட முடியாது. அந்தத் துணி வருடத்துக்கு ஒரு தடவைதான் வரும்.

கூட்டினது பிழையில்லை, கூட்டின இடம்தான் பிழை. இதை எங்களுக்குக் காட்டித் தந்தவர் காரைநகரில் இருக்கிற ஓர் அம்மா.

காரைநகர் யாழ்ப்பாணத்துத் தீவுகளில் ஒன்று. பொன்னாலைப் பாலம் வழியாக பஸ்ஸிலேயே போய் இறங்கலாம். ஈழத்துச் சிதம்பரம் என்று சொல்லும் சிவன் கோயில் அங்கேதான் இருக்கிறது. கசூரினா கடற்கரையும் அங்கேதான். நம்முடைய பெரியவர்களுக்கு அந்த ஊரின் பெயர் வேறு வகையில் தெரிந்திருக்கும். காரைநகர் வியாபாரிகள் அந்தக் காலத்தில் இலங்கை முழுவதும் போய்க் கடை வைத்தவர்கள்.

நாங்கள் போனது அங்கே வீட்டில் இருந்து தைக்கிற பெண்களைப் பார்க்க. அந்த அம்மாவின் வீட்டு விறாந்தையில் கைமெசின் ஒன்றும், சுவரில் ஆணி அடித்து மாட்டிய காகிதக் கட்டு ஒன்றும் இருந்தன. கடற்காற்றில் மெசின் துருப்பிடிக்காமல் இருக்க ஒவ்வொரு நாளும் எண்ணெய்த் துணியால் துடைத்து மூடி வைக்கிறார். நாம் கவுன் என்பதை அங்கே சட்டை என்கிறார்கள். ஆம்பிளைகள் போடுவது சேட். இது தெரியாமல், "சின்னப்பிள்ளைச் சட்டை" என்று அவர் சொல்லச் சொல்ல, பையன் உடுப்பு என்று நினைத்துக் கொஞ்ச நேரம் தலையாட்டிக்கொண்டிருந்தோம்.

1991இல் காரைநகர் சனம் முழுவதும் ஊரை விட்டு இடம்பெயர்ந்தது. 1996க்குப் பிறகுதான் திரும்பி வரத் தொடங்கினார்கள். "மெசினைத் தூக்கிக்கொண்டு ஓட ஏலுமே பிள்ளையள்? உறுதியையும் பிள்ளையளையும் பிடிச்சுக்கொண்டு வந்தனாங்கள்" என்றார் அந்த அம்மா. அவருடைய மூத்த மகளுக்கு அப்போது ஆறு வயது. உடம்பில் இருந்தது நீலப் பூப்போட்ட சீத்தைச் சட்டை. அதை வெட்டித் தைத்தது அம்மாவின் தாயார். வெட்டின காகிதங்கள் வீட்டோடு போய்விட்டன. தாயாரும் அடுத்த வருடம் இல்லை.

அந்தச் சட்டை மகளுக்குச் சின்னதாகிப் போனபோது, அடுத்தவளுக்குக் கொடுக்காமல் அம்மா அதைப் பிரிக்கத் தொடங்கினார். சவர பிளேட் துண்டால் ஒவ்வொரு தையலாக, துணி கிழியாமல், மூன்று இரவு. பிரித்த துண்டுகளைப் பழைய கலண்டர்த் தாளின் பின்பக்கத்தில் வைத்து வரைந்தார். இரவல் மெசினில் தைத்துப் பார்த்தால் கழுத்து பெரிதாய் வாயைத் திறந்துகொண்டு நின்றது. ஏன்? கழுத்தும் கைத் துவாரமும் வளைவாக வெட்டிய இடங்கள். அங்கே நூல் சாய்வாக ஓடும். இரண்டு மூன்று வருடம் தோய்த்துப் போட்டதில் அந்த வளைவுகள் இழுபட்டு நீண்டிருந்தன. நீண்ட வளைவை அப்படியே வரைந்தால் பிழைதானே வரும். இரண்டாம் தரம் அவர் தோள் தையலையும் பக்கத் தையலையும் மட்டும் நம்பினார். அவை நேராக இருந்தபடியால் அதிகம் மாறவில்லை. கழுத்தைப் பிள்ளையின் உடம்பில் அளந்து குறித்தார். அது சரியாக வந்தது.

1995 ஒக்டோபரில் வலிகாமத்துச் சனம் எல்லாம் தென்மராட்சிப் பக்கம் நடந்தபோது, சுருட்டிய அந்தக் கலண்டர்த் தாளும் பையில் போனது. இப்போது பேத்திக்கும் அதே சட்டைதான். நீலச் சீத்தை மட்டும் அதே மாதிரிக் கிடைக்கவில்லை என்று இன்னும் தேடுகிறார்.

சரி, இனி வேலைக்கு வருவோம். பிள்ளை வளரும்போது எல்லாப் பக்கமும் ஒரே மாதிரி வளர்வதில்லை. ஐந்து வயதிலிருந்து பத்து வயதுக்குள் உயரம் வருடத்துக்கு ஏறக்குறைய இரண்டு அங்குலம் கூடும். நெஞ்சளவு அதில் பாதிகூடக் கூடாது. கழுத்து கொஞ்சமும் மாறாத மாதிரித்தான் இருக்கும். ஆகவே காகிதத்தின் ஓரத்தில் கை வைக்காதீர்கள், நடுவில் வெட்டுங்கள். முன்பக்கத் துண்டைத் தோளின் நடுவில் இருந்து கீழே வரைக்கும் நேராக வெட்டிக் கால் அங்குலம் விலக்கி, இடையில் காகிதம் ஒட்டுங்கள். பின்பக்கத் துண்டுக்கும் அப்படியே. மடித்து வெட்டும்போது நாலு கால் சேர்ந்து சுற்றளவு ஓர் அங்குலம் கூடிவிடும். கழுத்தும் கைத் துவாரமும் பழைய மாதிரியே நிற்கும். அதனால் கையையும் மாற்றத் தேவையில்லை. பிறகு கைத் துவாரத்துக்குக் கீழே குறுக்காக வெட்டி அரை அங்குலம் விலக்குங்கள். பாவாடைப் பகுதியில் நீளம் ஒன்றரை அங்குலம் கூட்டுங்கள். இடுப்புச் சுற்றில் மேலே கூடின ஓர் அங்குலத்தைக் கீழேயும் கூட்ட மறந்துவிட வேண்டாம், இல்லாவிட்டால் பிளீட்டுகள் வந்து சேராது. இரண்டு வருடத்துக்கு ஒரு தடவை கைத் துவாரத்தைக் கால் அங்குலம் ஆழமாக்கினால், கையின் மேல் வளைவிலும் அதே கால் அங்குலம் ஏற வேண்டும்.

ஒரே மாதிரியைப் பல அளவில் காகிதத்தில் வெட்டி விற்கலாம் என்று 1863இல் அமெரிக்காவில் ஒரு தையல்காரர் கண்டுபிடித்தார். அவர் பெயர் பட்டரிக். மனைவி சொல்லித்தான் அந்த யோசனை வந்தது என்று ஒரு கதை உண்டு. நம்பலாம் என்றுதான் எங்களுக்குத் தோன்றுகிறது. சிங்கர் கொம்பனி 1877இல் இலங்கைக்கு வந்தது. மெசின் அப்போதிருந்து இருக்கிறது. கடையில் விற்கும் அந்த மாதிரிக் காகிதங்கள்தான் நம் லயங்கள் வரைக்கும் வரவில்லை. ஆகவே நம்முடைய மாதிரியை நாமேதான் வைத்துக்கொள்ள வேண்டும்.

பிள்ளைகளுக்கு மட்டும் இல்லை, கொழுந்து எடுக்கப் போகிற உங்கள் ஜாக்கெட்டையும் பாருங்கள். எங்கே முதலில் கிழிகிறது? முதுகுப் பக்கம், கை சேரும் இடத்தில். நாள் முழுக்க இரண்டு கையும் முன்னால் நீண்டு வேலை செய்கின்றன, தலையில் கூடைக் கயிறு இழுக்கிறது. தையல் கடைக்காரர் கையைக் கீழே தொங்கவிடச் சொல்லி அளவெடுக்கிறார். அந்த அளவு கலியாண வீட்டுக்குச் சரி, மலைக்குச் சரிவராது. கொழுந்து எடுக்கிற மாதிரிக் கையை நீட்டிக்கொண்டு முதுகு அளவு எடுக்கச் சொல்லுங்கள். கிழியாமல் நிற்கிற ஜாக்கெட் ஒன்று உங்களிடம் இருந்தால் அதுதான் பொக்கிஷம். அதைத் துடைக்கிற துணி ஆக்கிவிடாமல் பிரித்து வரைந்து வையுங்கள்.

காகிதத்துக்குக் கடைக்குப் போக வேண்டாம். சீமெந்துப் பையின் உள்காகிதம் போதும், நன்றாகத் தட்டித் துடைத்தால் சரி. ஒவ்வொரு துண்டிலும் பிள்ளையின் பெயர், வருடம், மடிப்பு எந்தப் பக்கம், நூலோட்டம் எந்தப் பக்கம் என்று எழுதுங்கள். தையலுக்கு விட்ட அளவையும் எழுதுங்கள்: பக்கத்துக்கு ஓர் அங்குலம், கழுத்துக்குக் கால் அங்குலம், கீழ் மடிப்புக்கு மூன்று அங்குலம் என்கிற மாதிரி. இதை எழுதாமல் விட்டால் அடுத்த வருடம் தையல் அளவை இரண்டு தடவை கூட்டிவிடுவீர்கள். நாங்கள் கூட்டியிருக்கிறோம். துணியை வெட்டுமுன் ஓர் இரவு தண்ணீரில் ஊறவைத்துக் காயவிடுங்கள், சுருங்குவது முதலிலேயே சுருங்கட்டும்.

ஒட்டுவதற்குக் கோதுமை மாப் பசை காய்ச்சினோம். எங்கள் வகுப்பின் முதல் கட்டு முழுவதையும் கரப்பான் தின்றுவிட்டது. காரைநகரில் வேப்பிலை போட்டு வைக்கிறார்கள். நமக்கு இந்தக் குளிரில் வேப்ப மரத்துக்கு எங்கே போவது? கடையில் வாங்கின கம் போத்தலால் ஒட்டி, பொலித்தீன் பையில் போட்டு, அடுப்புப் புகை படாத சுவரில் மாட்டுங்கள். மடிக்க வேண்டாம், சுருட்டுங்கள்.

அடுத்த ஞாயிறு பின்னேரம் இரண்டு மணிக்குப் பிள்ளைக் காம்பராவில் மெசின் இரண்டும் வைத்திருப்போம். ஆளுக்கு ஒரு பழைய கவுன், பழைய பிளேட் ஒன்று, கத்தரிக்கோல் இருக்கிறவர்கள் அதையும் கொண்டு வாருங்கள். கவுன் எந்தப் பிள்ளைக்கோ, அந்தப் பிள்ளையையும் கூட்டி வாருங்கள், கழுத்து அளக்க வேண்டும். அந்தப் பதினொரு பேரில் இன்னும் நாலு கவுன் திருத்த இருக்கிறது. அவற்றை நாங்களே முதலில் பிரிக்கப் போகிறோம்.