மண்ணில் உறைந்ததும் கரைந்ததும்

(கேமரன் மலைத் தேயிலைத் தோட்டத்தில் தோழர்களிடையே பேசியது)



நாங்கள் பால்மரக் காட்டிலிருந்து மலையேறி வந்திருக்கிறோம். உங்கள் தொழில் கொழுந்து. எங்கள் தொழில் பால் வெட்டு. இரண்டும் மண்ணை நம்பித்தான் நடக்கின்றன. லயத்துக்குப் பின்னால் நாம் போடும் கீரைப் பாத்தியும் அந்த மண்ணில்தான். ஆகவே இன்று மண்ணைப் பற்றியே பேசுவோம்.

ஈயம், காட்மியம், செம்பு, துத்தநாகம் ஆகியவற்றைக் கன உலோகங்கள் என்கிறார்கள். கொஞ்சம் பாறையிலிருந்தே வருகிறது. மீதி நம் கையால் வருகிறது. பாஸ்பேட் உரத்தில் காட்மியம் கலந்திருக்கும். பூஞ்சண மருந்துகள் சிலவற்றில் செம்பு உண்டு. கோழித் தீவனத்தில் சேர்க்கும் செம்பும் துத்தநாகமும் எருவோடு காய்கறித் தோட்டத்துக்கு வந்து சேரும். இலை தழை மக்கிப் போகும், உலோகம் மக்காது.

மண்ணில் கிடப்பதெல்லாம் செடிக்குள் ஏறுமா? பால் வெட்டும் தோழருக்கு இதன் விடை எளிதில் விளங்கும். பாலில் அமோனியா விட்டால் உறையாமல் நிற்கும். ஆசிட் விட்டால் உறைந்து கட்டியாகும். மண்ணில் இது தலைகீழ். புளிப்பு மிகுந்தால், களிமண்ணையும் மக்கையும் ஒட்டியிருந்த உலோகம் கழன்று நீரில் கரைகிறது. கரைந்ததைத்தான் வேர் உறிஞ்சும். சுண்ணாம்பு இட்டால் பெரும்பகுதி மீண்டும் ஒட்டிக்கொள்ளும். ஆகையால், எவ்வளவு இருக்கிறது என்பது பாதிக் கணக்கு. எவ்வளவு கரைந்திருக்கிறது என்பது மறுபாதி.

இந்த மலையைப் பாருங்கள். 1929ல் ‘போ’ தோட்டம் தொடங்கியது முதல் இங்கே தேயிலை வளர்கிறது. தேயிலைக்குப் புளிப்பு மண்தான் பிடிக்கும். புளிப்பை அளக்கும் பி.எச். கணக்கில் 7 நடுநிலை; ஓர் எண் குறைந்தால் புளிப்பு பத்து மடங்கு. தேயிலை கேட்பது 4.5 முதல் 5.5 வரை. அமோனியம் சல்பேட் உரம் புளிப்பை மேலும் ஏற்றும். இத்தகைய மண்ணில் அலுமினியம் கரைந்து நிற்கும். அது கன உலோகம் அல்லவாயினும் இதே விதிக்குக் கட்டுப்பட்டது. பல பயிர்களின் வேர் அதனால் கெடும்; தேயிலையோ அதை இலையில் சேர்த்து வைக்கும். முற்றிய இலையில் மிகுதி, இளங்கொழுந்தில் குறைவு.

எல்லா உலோகமும் ஒரே குணம் கொண்டவை அல்ல. ஈயம் மண்ணை இறுகப் பிடிக்கும்; ஏறினாலும் பெரும்பாலும் வேரோடு நிற்கும். காட்மியம் கீரையின் இலை வரை ஏறும். ஜப்பானில் ஜின்சு ஆற்றங்கரையில், சுரங்கத்துக் காட்மியம் நெல் வயலில் சேர்ந்தது. சோறு உண்டவர்களின் எலும்பு நொறுங்கியது. ‘வலிக்கிறது, வலிக்கிறது’ என்று அவர்கள் கதறியதே நோய்க்கு ‘இத்தாய் இத்தாய்’ என்று பெயராயிற்று. 1968ல்தான் அரசாங்கம் காரணத்தை ஒப்புக்கொண்டது.

எங்கள் பக்கத்திலும் ஒரு கதை உண்டு. முன்னாளில் லாலாங் புல்லைக் கொல்லப் பால்மரத் தோட்டங்களில் சோடியம் ஆர்சினைட் என்னும் பாஷாணம் அடித்தார்கள். இது சுண்ணாம்புக்கு அடங்காது. மண்ணிலுள்ள இரும்பு அதைப் பிடித்து வைக்கும். சுண்ணாம்பும் பாஸ்பேட்டும் அதை அவிழ்த்துவிடக்கூடும். பழைய மருந்துக் கொட்டகை நின்ற இடத்தில் கீரை போடாதீர்கள், தாய்மார்களே!

நாம் செய்ய வேண்டியவை இவை. பாத்தி மண்ணை விவசாய இலாகாவில் சோதிக்கக் கேட்போம். புளிப்பு மிகுந்திருந்து, பாஷாணம் இல்லையென்று தெரிந்தால் சுண்ணாம்பும் மக்கிய எருவும் இடுவோம். மருந்து டின்னை ஓடையில் கழுவ மாட்டோம். கிராணிமாரே, எந்தக் காட்டுக்கு எந்த உரம், எந்த மருந்து, எத்தனை மூட்டை என்று ஒழுங்காக எழுதி வையுங்கள். நாளை நம் பிள்ளைகள் கேட்கும்போது அந்த ஏடுதான் சாட்சி சொல்லும்.

சம்பளத்தை எண்ணி வாங்குகிறோம். நம் சோறு விளையும் மண்ணையும் அளந்து பார்ப்போம்.