வைத்தியசாலைக் குப்பையும் எங்கள் கிணறும்



எங்களில் சிலர் தாதியர், சிலர் வைத்தியர். மற்றவர்களும் வருத்தம் பார்க்க மந்திகைக்குப் போகிறவர்கள்தான்.

வைத்தியசாலைக் கழிவில் ஏறத்தாழ 85 வீதம் வீட்டுக் குப்பை போன்றதே என்கிறது உலக சுகாதார நிறுவனம். ஆனால் இரத்தம் தோய்ந்த ஒரு பஞ்சு அதற்குள் விழுந்தால் பை முழுவதும் தொற்றுக் கழிவாகிவிடும். பிறகு கிளறிப் பிரிக்கவும் கூடாது. உள்ளே ஊசி இருக்கலாம். கட்டிலடியிலேயே பிரித்துப் போடவேண்டும்.

எரித்தால் என்ன என்பார்கள். பீ.வீ.சீ. குழாய்களைக் குறைந்த வெப்பத்தில் எரித்தால் டயொக்சின் நச்சு வெளிவரும். கண்டபடி புதைக்கவும் முடியாது. வடமராட்சியில் ஆறில்லை, சுண்ணக்கல்லின் மேல் வாழ்கிறோம். நிலத்தில் கொட்டுவது வெடிப்புகளால் இறங்கிக் கிணற்றில்தான் சேரும். ஆற்றங்கரை ஊரவர்களுக்கு இது அவ்வளவாக விளங்காது.

கண்ணாடி ஊசியை அவித்துப் பாவித்த காலத்துக்குத் திரும்பச் சொல்லவில்லை. ஊசி ஒருமுறைதான். ஆனால் லஞ்ச் சீற்றில் சுற்றிய சோற்றுப் பார்சலும் சோடாப் போத்தலும் எதற்கு? கரியரில் கொண்டுபோவோம், வெறுங்கரியரைத் திருப்பிக் கொண்டுவருவோம். வீட்டில் இன்சுலின் போடுகிறவர்கள் பாவித்த ஊசிகளைத் தடித்த போத்தலில் இட்டு இறுக மூடி, கிளினிக்குக்குப் போகும் நாளில் தாதியிடம் கேட்டுக் கொடுப்போம். குப்பை எடுக்க வருகிறவர் பையைக் கையால்தான் தூக்குகிறார்.